பறவைக் காய்ச்சல் கேரளத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்புவது ஏன்? வைரஸ் ஆய்வுகள் கூறுவது என்ன?

திருவனந்தபுரம்: கழக்கூட்டம் ரயில் நிலையத்திலிருந்து கொல்லம் செல்லும் பாதையில் மூன்றாவது நிலையம் பெருங்குழி. திருவனந்தபுரம் மாவட்டம், அழூர் ஊராட்சிக்கு உட்பட்ட இந்தச் சிற்றூரில் வளர்ப்புப் பறவைகள் தொடர்ச்சியாக இறந்ததையடுத்து, 2023 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோ மீட்டர் சுற்றளவில் இருந்த கோழி, வாத்து உள்ளிட்ட சுமார் 3,000 பறவைகளை அழிக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகள் கண்காணிப்பு வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டன.

அதுவரை, பறவைக் காய்ச்சல் என்றாலே ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்களின் வாத்துப் பண்ணைகள்தான் கேரள மக்களின் நினைவுக்கு வரும். தொழில்நுட்பப் பூங்காவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த தலைநகரின் வடக்கு விளிம்பில் இந்நோய் தென்பட்டது, இது குட்டநாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல என்பதை உணர்த்தியது. கடினங்குளம், அஞ்சுதெங்கு காயல்களை ஒட்டிய இப்பகுதியில் வீட்டுத் தோட்டத்தில் பத்து, இருபது கோழிகளை வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். நோய் கண்ட பண்ணைக்கு அருகில் வசித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, நலமாக இருந்த கோழிகளையும் அவர்கள் ஒப்படைக்க நேர்ந்தது.

இந்நோய் எப்படித் தோன்றுகிறது, எவ்வாறு பரவுகிறது, அதுகுறித்த ஆய்வுகள் எந்த நிலையில் உள்ளன, மனிதர்களுக்கு எந்த அளவுக்கு ஆபத்து என்பது குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

பறவைக் காய்ச்சல் என்றால் என்ன?

இன்ஃப்ளூயன்சா 'ஏ' வகை வைரஸ்களால் பறவைகளுக்கு ஏற்படும் தொற்றுநோயே பறவைக் காய்ச்சல். இந்த வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்ற இரண்டு புரதங்கள் உள்ளன. முதலாவது புரதம் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய உதவுகிறது. பெருகிய வைரஸ்கள் உயிரணுவை விட்டு வெளியேற இரண்டாவது புரதம் துணைபுரிகிறது. இவற்றின் முதலெழுத்துகளைக் கொண்டே எச்5என்1, எச்5என்8, எச்9என்2 எனப் பெயரிடப்படுகிறது. பறவைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டவை 16 எச் வகைகளும் 9 என் வகைகளும் ஆகும்.

நோயின் கடுமையைப் பொறுத்து இவை இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. குறைந்த வீரியம் கொண்டவை கோழிகளுக்கு லேசான சளித் தொல்லையையோ, முட்டை உற்பத்தியில் சரிவையோ ஏற்படுத்தும். அதிக வீரியம் கொண்டவை ஒரு பண்ணையில் உள்ள கோழிகள் அனைத்தையும் சில நாள்களில் கொன்றுவிடக்கூடியவை. இதுவரை எச்5, எச்7 வகைகளே இயற்கையில் அதிக வீரியம் பெற்றுப் பெருமளவில் பரவியுள்ளன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஹீமக்ளூட்டினின் புரதத்தில் உள்ள வெட்டுப்பகுதி. வைரஸ் செயல்படத் தொடங்க வேண்டுமெனில், அப்புரதம் உடலில் உள்ள நொதியால் இரண்டாக வெட்டப்பட வேண்டும். குறைந்த வீரிய வைரஸின் புரதத்தை வெட்டும் நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே இருப்பதால், தொற்றும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதிக வீரிய வைரஸில் அந்த வெட்டுப்பகுதியில் கூடுதல் அமினோ அமிலங்கள் சேர்ந்துவிடுகின்றன. அதனால் உடலின் எந்த உறுப்பிலும் காணப்படும் நொதிகள் அதை வெட்டிவிடும். மூளை, இதயம், கணையம் என வைரஸ் எங்கும் பெருகி, பறவை விரைவில் இறந்துவிடுகிறது.

நோயின் வரலாறு

இத்தாலியைச் சேர்ந்த பெரோன்சிட்டோ 1878-ஆம் ஆண்டில் கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஒரு நோயைப் பதிவு செய்தார். அந்நாளில் அது 'கோழிக் கொள்ளைநோய்' என அழைக்கப்பட்டது. பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளே அதற்குக் காரணம் என 1901-இல் கண்டறியப்பட்டது. ஆனால் அது மனிதர்களுக்குக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1955-இல்தான் ஜெர்மனி விஞ்ஞானி வெர்னர் ஷேஃபர் நிறுவினார்.

காட்டுப் பறவைகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1961-இல் வெளிப்பட்டது. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலா எனப்படும் கடற்பறவைகள் பெருமளவில் இறந்தபோது, அவற்றிலிருந்து எச்5 வகை வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் ஆகியோர் ஆஸ்திரேலியக் கடற்பகுதிப் பறவைகளில் மேற்கொண்ட தேடலும், வாத்துகளின் குடலில் இந்த வைரஸ் பெருகி எச்சத்தின் வழியே நீர்நிலைகளில் கலக்கிறது என்ற கண்டுபிடிப்பும், இத்துறையின் போக்கையே மாற்றின. இன்ஃப்ளூயன்சா 'ஏ' வைரஸ்களின் இயற்கையான உறைவிடம் நீர்ப்பறவைகளே என்பது அவ்வாறுதான் தெளிவானது. வாத்துகளுக்கும் வைரஸுக்கும் இடையே நெடுங்கால உடன்பாடு உள்ளது. பெரும்பாலான வைரஸ் வகைகள் அவற்றுக்கு எந்த நோயையும் தருவதில்லை.

இந்த நிலையை மாற்றியது 1996-இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையில் கண்டறியப்பட்ட எச்5என்1 வைரஸ். அதன் வழித்தோன்றல்களே இன்றுவரை உலகெங்கும் பரவி வருகின்றன. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு இத்தொற்று ஏற்பட்டு, 6 பேர் உயிரிழந்தனர். பறவையிலிருந்து நேரடியாக மனிதருக்குப் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது இந்த வைரஸ் என்பது அப்போதுதான் உறுதியானது. அந்நகரில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் சில நாள்களில் அழிக்கப்பட்டன.

2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் எச்5என்1 தொற்றால் மடிந்தன. இறந்தவற்றில் வரித்தலை வாத்துகளே மிகுதி. இமயமலையைக் கடந்து இந்தியாவுக்கு வலசை வரும் இந்தப் பறவைகள், திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரை வந்து செல்பவை. அடுத்த சில மாதங்களில் வைரஸ் ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் எட்டியது.

இந்தியாவில் எப்போது நுழைந்தது?

மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தின் நவாபூரில் 2006 பிப்ரவரியில் முதன்முதலாக இந்நோய் உறுதி செய்யப்பட்டது. 2008-இல் மேற்கு வங்கத்தில் பெரும் பாதிப்பு ஏற்பட்டது. கேரளத்தில் 2014 நவம்பரில் ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்களின் வாத்துகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வளர்க்கப்பட்ட வாத்துகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன.

அதன்பின் 2016-இல் எச்5என்8 வகை குட்டநாட்டைத் தாக்கியது. 2020 மார்ச் மாதம், கரோனா அச்சம் தொடங்கிய அதே நாள்களில், கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் கோழிகளுக்கு நோய் பரவியது. 2021 ஜனவரியில் மீண்டும் எச்5என்8 காரணமாக ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்கள் பாதிக்கப்பட்டபோது, மாநில அரசு அதைப் பேரிடராக அறிவித்தது. அதே காலத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் எச்5என்1 தொற்றால் இறந்தன.

2023 ஜனவரியில் அழூர் பாதிக்கப்பட்ட அதே மாதத்தில், கோழிக்கோடு மாவட்டம் சாத்தமங்கலத்தில் உள்ள அரசுக் கோழிப்பண்ணையில் சுமார் 1,800 கோழிகள் இறந்தன. 2024 ஏப்ரலில் ஆலப்புழா மாவட்டத்தின் எடத்வா, செறுதனை ஊராட்சிகளில் தொடங்கிய பாதிப்பு, கோட்டயம் மாவட்டம் மணர்காட்டுக்கும் பத்தனம்திட்டா மாவட்டம் நிரணத்தில் உள்ள அரசு வாத்துப் பண்ணைக்கும் பரவியது. ஜூன் மாதம் முகம்மா பகுதியில் காகங்களிலும் தொற்று உறுதியானது.

வலசைப் பறவைகள் மட்டும்தான் காரணமா?

நோய் பரவும் ஒவ்வொரு முறையும் முதலில் குற்றம்சாட்டப்படுபவை வலசைப் பறவைகள். அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வட ஆசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளைக் கடந்து செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இந்தியா அமைந்துள்ளது. அக்டோபர் முதல் மார்ச் வரை கேரளத்தின் காயல்களிலும் வயல்களிலும் இப்பறவைகள் தங்குகின்றன. கேரளத்தின் பெரும்பாலான பாதிப்புகளும் அந்த மாதங்களிலேயே நிகழ்ந்துள்ளன.

ஆனால், 2024-இல் நோய் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீடித்தது. பெரும்பாலான வலசைப் பறவைகள் திரும்பிச் சென்றுவிட்ட காலம் அது. எனவே, வைரஸ் வெளியிலிருந்து வருவதோடு உள்ளூரிலும் ஏதோ ஒரு வழியில் நிலைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுகிறது.

இதற்குத் தாய்லாந்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் ஒரு விடையைத் தருகின்றன. அங்கு 2004-ஆம் ஆண்டு பாதிப்பின்போது, நோய் கண்ட இடங்களைச் செயற்கைக்கோள் படங்களுடன் ஒப்பிட்ட ஆய்வாளர் மரியஸ் கில்பர்ட் குழுவினர், இரண்டு அம்சங்கள் ஒன்றாக இருந்த இடங்களில்தான் வைரஸ் நிலைபெற்றதைக் கண்டறிந்தனர். ஒன்று, ஆண்டுக்கு இரு முறை அல்லது அதற்கு மேல் நெல் விளையும் வயல்கள். மற்றொன்று, அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய மணிகளை உண்ணத் திறந்துவிடப்படும் மேய்ச்சல் வாத்துகள். கோழிகளின் எண்ணிக்கையைவிட வாத்துகளின் நடமாட்டமே நோய்ப் பரவலோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

இந்த விவரிப்பைப் படிக்கும் எவருக்கும் குட்டநாடு நினைவுக்கு வரும். கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்த நெல்வயல்கள், அறுவடைக்குப் பின் அவற்றில் மேயும் சாரா, செம்பல்லி இன வாத்துகள், ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குப் படகிலும் வாகனத்திலும் மந்தையைக் கொண்டு செல்லும் வளர்ப்போர், அதே வயலில் இரை தேடும் கொக்குகளும் நாரைகளும் காட்டு வாத்துகளும் என அனைத்தும் ஒரே நீரில் சந்திக்கின்றன. தமிழகத்தின் காவிரிப் படுகையிலும் அறுவடைக் காலத்தில் இத்தகைய வாத்து மந்தைகளைக் காணலாம்.

மேலும், 2002-க்குப் பின் தோன்றிய சில எச்5என்1 வகைகள் வாத்துகளைக் கொல்லாமலேயே அவற்றின் உடலில் பல நாள்கள் பெருகக்கூடியவை என்பது சோதனைகளில் தெரியவந்தது. நோயின் அறிகுறியே இல்லாத வாத்து, வைரஸை எச்சத்தின் வழியே வெளியேற்றிக்கொண்டிருக்கும். பண்ணையாளருக்கு எதுவும் தெரியாது. அருகில் உள்ள கோழிகள் இறக்கத் தொடங்கும்போதுதான் நோய் வெளிப்படும். எல்லா வகை வைரஸும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. கேரளத்தில் வாத்துகளே ஆயிரக்கணக்கில் இறந்த நிகழ்வுகளும் உண்டு.

இவை தவிர, தொற்றுள்ள கோழிகளை ஏற்றிய வாகனங்கள், கழுவப்படாத கூண்டுகள், முட்டை அட்டைகள், பண்ணைக்குப் பண்ணை சென்று வருபவர்களின் காலணிகள் ஆகியவையும் வைரஸைச் சுமந்து செல்கின்றன. வலசைப் பறவைகளை மட்டுமே காரணமாகக் கருதினால், மனிதர்களால் கட்டுப்படுத்தக்கூடிய இந்த வழிகள் கவனத்திலிருந்து விலகிவிடும். பறவைகளை விரட்டுவதோ சுடுவதோ பயன் தராது. கலைந்த கூட்டம் வேறு நீர்நிலைகளுக்குச் சென்று தொற்றை மேலும் பரப்பவே வாய்ப்புள்ளது.

நோய் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

பறவைகள் வழக்கத்துக்கு மாறாக இறந்தால், கால்நடை பராமரிப்புத் துறையினர் அவற்றின் தொண்டை, எச்சத் துளை ஆகியவற்றிலிருந்து மாதிரிகளைச் சேகரிக்கின்றனர். கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள மாநில விலங்கு நோய்கள் நிறுவனத்திலும், திருவல்லா மஞ்ஞாடியில் உள்ள பறவை நோய் கண்டறியும் ஆய்வகத்திலும் முதற்கட்டச் சோதனைகள் நடைபெறுகின்றன.

எனினும், இறுதி முடிவை அறிவிக்கும் பொறுப்பு மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் இயங்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்கு உரியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் செயல்படும் இந்நிறுவனம், பறவைக் காய்ச்சலுக்கான உலக விலங்கு நல அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகும். காற்று வெளியேறாத அறைகள், வடிகட்டப்படும் கழிவுகள் என உயர்நிலைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருப்பதால், உயிருள்ள வைரஸைக் கோழிக் கருமுட்டையில் வளர்த்து ஆராய இங்கு இயலும். ஆர்டி-பிசிஆர் சோதனையில் வகை தெரிந்துவிடும் என்றாலும், மரபணு வரிசையைக் கண்டறிந்தால்தான் அது எங்கிருந்து வந்திருக்கலாம், முந்தைய ஆண்டின் வைரஸுடன் தொடர்புடையதா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

மாதிரிகள் நாட்டின் தென்முனையிலிருந்து போபால் சென்று முடிவு வரும்வரை, நோய் கண்ட பகுதியில் கோழிகள் விற்கப்படவும் இடம் மாற்றப்படவும் வாய்ப்பு உள்ளது. ஒரு நாள் தாமதம்கூட அழிக்க வேண்டிய பறவைகளின் எண்ணிக்கையை உயர்த்திவிடக்கூடும். பண்ணையாளர்கள் தரப்பில் எழும் முக்கியக் குறைகளில் இதுவும் ஒன்று.

கழக்கூட்டத்துக்கு வடக்கே தோன்னக்கலில் உள்ள உயிர் அறிவியல் பூங்காவில், கேரள அரசின் மேம்பட்ட வைராலஜி நிறுவனம் இயங்கி வருகிறது. 2019 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட இந்நிறுவனம், வைரஸ் நோய்கள் குறித்த ஆய்வுக்கும் கண்டறிதலுக்கும் அமைக்கப்பட்டது. உலக வைரஸ் வலையமைப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. 2018-இல் நிபா பாதிப்பைச் சந்தித்த மாநிலத்தில், விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ்களை உள்ளூரிலேயே ஆராயும் வசதி எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆலப்புழாவில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிளையும் செயல்படுகிறது. எனினும், விலங்கு நோயை அதிகாரபூர்வமாக அறிவிக்கும் நடைமுறை தனியானது என்பதால், பறவைக் காய்ச்சல் மாதிரிகள் தொடர்ந்து போபாலையே சென்றடைகின்றன.

கோழிகள் அழிக்கப்படுவது ஏன்?

மத்திய அரசின் செயல்திட்டப்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோ மீட்டர் வரையிலான பகுதி தொற்று மண்டலமாகவும், ஒன்று முதல் 10 கிலோ மீட்டர் வரையிலான பகுதி கண்காணிப்பு மண்டலமாகவும் அறிவிக்கப்படுகிறது. தொற்று மண்டலத்தில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படும். முட்டை, தீவனம், எச்சம் ஆகியவையும் அழிக்கப்படும். அதன்பின் கிருமிநீக்கம் நடைபெற்று, குறிப்பிட்ட காலத்துக்கு மாதிரிகள் சோதிக்கப்பட்ட பிறகே மீண்டும் கோழி வளர்க்க அனுமதி அளிக்கப்படும்.

பறவைகளை ஆழக் குழி தோண்டிப் புதைப்பது வழக்கமான முறை. ஆனால், சில அடி தோண்டினாலே நீர் ஊறும் குட்டநாடு போன்ற பகுதிகளில் அது சாத்தியமில்லை. எனவே, விறகும் எரிபொருளும் கொண்டு எரிக்கும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது.

இழப்பீடாக, 2021-இல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவை ஒன்றுக்கு ரூ.200, அதற்குக் குறைந்த வயதுடைய பறவைக்கு ரூ.100, முட்டை ஒன்றுக்கு ரூ.5 என அறிவித்தது. இத்தொகையை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. அழிக்கப்படும் பறவைகளுக்கே இழப்பீடு கணக்கிடப்படுகிறது என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. நோயை மறைக்காமல் விரைந்து தெரிவிக்க அது ஊக்கமளிக்க வேண்டும். தொகை தாமதமானாலோ, சந்தை விலையைவிடக் குறைவாக இருந்தாலோ, இறந்த பறவைகளைக் காயலில் வீசிவிட்டு, மீதமுள்ளவற்றை அவசரமாக விற்கும் எண்ணம் தலைதூக்கும். வளர்ப்போரின் நம்பிக்கையும் நோய்க் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே என்று கூறுவதற்கு இதுவே காரணம்.

தமிழகத்துக்கு என்ன தொடர்பு?

நாமக்கல் மண்டலத்தில் உற்பத்தியாகும் முட்டைகளுக்குக் கேரளம் முக்கியச் சந்தை. கேரளத்தில் நோய் உறுதி செய்யப்படும்போதெல்லாம் வாளையாறு உள்ளிட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுவதும், கோழி, வாத்து, முட்டை ஆகியவற்றை ஏற்றி வரும் வாகனங்கள் திருப்பி அனுப்பப்படுவதும் வழக்கம். தமிழகப் பண்ணைகளில் நோய் இல்லாதபோதும், அச்சத்தால் நுகர்வு குறைந்து முட்டை, கறிக்கோழி விலை சரிவது உண்டு.

தடுப்பூசி போட முடியாதா?

பறவைக் காய்ச்சலுக்கான தடுப்பூசிகள் உலகில் பயன்பாட்டில் உள்ளன. சீனா பல ஆண்டுகளாகக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் தடுப்பூசி செலுத்தி வருகிறது. அங்கு 2017-இல் எச்7 வகைக்கும் தடுப்பூசி சேர்க்கப்பட்ட பின், மனிதர்களுக்குப் பரவிவந்த எச்7என்9 தொற்று வெகுவாகக் குறைந்தது. பிரான்ஸ் 2023 அக்டோபர் முதல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி செலுத்தத் தொடங்கியது.

இந்தியாவில் அதிக வீரிய எச்5 வகைக்கு எதிராகக் கண்டறிந்து அழிக்கும் முறையே பின்பற்றப்பட்டு வந்துள்ளது. தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, தொற்றை முழுமையாகத் தடுக்காது. தடுப்பூசி பெற்ற கோழி நோயின்றித் தோன்றினாலும் வைரஸைப் பரப்பக்கூடும். மேலும், தடுப்பூசியால் உருவான எதிர்ப்புப் புரதத்தையும் தொற்றால் உருவானதையும் பிரித்தறியச் சிறப்புச் சோதனைகள் தேவை. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் வரும் என்ற அச்சமும் உள்ளது. மறுபுறம், ஆண்டுதோறும் பறவைகளை அழிப்பது எத்தனை காலம் சாத்தியம் என்ற கேள்வியையும் பண்ணையாளர்கள் எழுப்புகின்றனர்.

குறைந்த வீரியம் கொண்ட எச்9என்2 வகைக்கு, போபால் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய தடுப்பூசியின் தொழில்நுட்பம் 2022-இல் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை நடத்திய உயர்நிலைக் கூட்டத்தில், பண்ணைகளின் உயிரிப் பாதுகாப்பு, தீவிரக் கண்காணிப்பு, கோழிப்பண்ணைகளின் கட்டாயப் பதிவு ஆகியவற்றை வலியுறுத்த முடிவு செய்யப்பட்டது.

மனிதர்களுக்கு எந்த அளவுக்கு ஆபத்து?

2003 முதல் உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு எச்5என்1 தொற்று உறுதி செய்யப்பட்டுள்ளதாகவும், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார அமைப்பின் தரவுகள் தெரிவிக்கின்றன. லேசான பாதிப்புகள் பல பதிவாகாமல் போவதால், உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எனினும், புறக்கணிக்கத்தக்க நோய் அல்ல.

இந்தியாவில் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 தொற்றால் உயிரிழந்ததே பதிவான முதல் மரணம். 2025-இல் ஆந்திரப் பிரதேசத்தில் இரண்டு வயதுச் சிறுமி ஒருவரும் இத்தொற்றால் உயிரிழந்தார்.

இந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவாததற்கு உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளே முக்கியக் காரணம். பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதரின் மூக்கு, தொண்டைப் பகுதியில் அரிது. நுரையீரலின் ஆழத்தில்தான் அவை மிகுதியாக உள்ளன என்பது 2006-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. எனவேதான், தொற்று ஏற்படுவது அரிதாகவும், ஏற்பட்டால் கடுமையான நிமோனியாவாகவும் இருக்கிறது. இருமல், தும்மல் வழியே அது பிறருக்கு எளிதில் செல்வதில்லை.

இந்தத் தடையைக் கடக்க வைரஸுக்கு எத்தனை மாற்றங்கள் தேவை என்பதை அறிய, நெதர்லாந்தின் ரான் ஃபூஷியே, அமெரிக்காவில் பணியாற்றும் ஜப்பான் விஞ்ஞானி யோஷிஹிரோ கவாவோகா ஆகியோரின் குழுக்கள் ஃபெரட் எனப்படும் சிறு விலங்குகளில் தனித்தனியே சோதனை நடத்தின. மிகச் சில மரபணு மாற்றங்களே போதும் என்ற முடிவு உலகை அதிரவைத்தது. அம்முடிவுகளை வெளியிடலாமா என்ற விவாதம் எழுந்து, 2012 ஜனவரியில் இத்தகைய ஆய்வுகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின்னரே அவை தொடர்ந்தன.

இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருப்பதும் கவலைக்குரியது. இரு வேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் புகுந்தால், இத்துண்டுகள் இடம் மாறிப் புதிய வைரஸ் பிறக்கலாம். 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகைத் தாக்கிய கொள்ளைநோய்களை ஏற்படுத்திய வைரஸ்களில் பறவை வைரஸின் மரபணுத் துண்டுகள் கலந்திருந்தன.

பாலூட்டிகளுக்கும் பரவும் வைரஸ்

அண்மை ஆண்டுகளில் 2.3.4.4பி என்ற எச்5என்1 கிளைப்பிரிவு கண்டங்களைக் கடந்து பரவியுள்ளது. 2022-இல் தென் அமெரிக்காவை எட்டிய வைரஸ், கடற்சிங்கங்களையும் யானைச் சீல்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றது. 2024-இல் அண்டார்டிகா நிலப்பரப்பிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் தொற்று உறுதியானது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பண்ணைகள் பாதிக்கப்பட்டன. கறக்கும் இயந்திரங்கள் வழியே மாட்டின் மடியிலிருந்து மடிக்கு வைரஸ் பரவியது. முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் பாலில் உள்ள வைரஸ் செயலிழந்துவிடும்.

இந்தியாவிலும் இத்தகைய அறிகுறிகள் தென்பட்டுள்ளன. நாக்பூரின் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில், 2024 டிசம்பர் இறுதியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. அவற்றுக்கு எச்5என்1 தொற்று இருந்தது பின்னர் உறுதி செய்யப்பட்டது. தொடர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிலும் தொற்று கண்டறியப்பட்டது.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியவை

* நன்கு வேகவைத்த இறைச்சி, முட்டையால் நோய் பரவாது. உட்பகுதி 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் வைரஸ் அழிந்துவிடும். அரைவேக்காட்டு முட்டை, பச்சை முட்டை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

* பச்சை இறைச்சியைக் கையாண்ட பின் கைகளையும் கத்தி, பலகை ஆகியவற்றையும் சோப்பு நீரால் கழுவ வேண்டும். குழந்தைகளைப் பச்சை இறைச்சியின் அருகே அனுமதிக்கக் கூடாது.

* இறந்த காகம், கொக்கு, கோழி, வாத்து ஆகியவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. நீர்நிலைகளில் வீசக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ தகவல் தெரிவிக்க வேண்டும்.

* புறக்கடையில் கோழி வளர்ப்போர், தீவனத்தையும் குடிநீரையும் காட்டுப் பறவைகள் அணுகாதவாறு வைக்க வேண்டும். கோழிகளையும் வாத்துகளையும் ஒரே இடத்தில் அடைப்பதைத் தவிர்ப்பது நல்லது. புதிதாக வாங்கிய பறவைகளைச் சில நாள்கள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும்.

* நோய் கண்ட பறவைகளைக் கையாண்டவர்களுக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல் போன்ற அறிகுறிகள் ஏற்பட்டால், பறவைகளுடன் இருந்த தொடர்பை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். ஓசெல்டாமிவிர் மருந்து தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டால் கூடுதல் பயன் தரும்.

பறவைகளை அழிக்கும் பணியில் ஈடுபடுவோருக்குப் பாதுகாப்பு உடையும் தடுப்பு மருந்தும் வழங்கப்பட்டு, பணி முடிந்த பின்னும் அவர்களின் உடல்நிலை கண்காணிக்கப்படுகிறது. வலசைப் பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் தென்னிந்திய நீர்நிலைகளுக்கு வரத் தொடங்கும் நிலையில், அக்காலத்தில் பண்ணையாளர்களும் காயலோர மக்களும் பறவைகளின் வழக்கத்துக்கு மாறான இறப்புகளை உடனுக்குடன் தெரிவிப்பது, அழிக்கப்படும் பறவைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உதவும்.